ஓவனில் காய்ந்த வெல்டிங் கம்பிகள்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் பிஸ்கட் சுடுவதற்காக ஓவனைத் திறந்தபோது, சூடான இரும்புத் தட்டின் வாசனை கூடம்வரை வந்தது. நான் நினைவில், மலேசியாவின் காப்பாரில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கே போய்விட்டேன்.

அன்று தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. லோரிப் பட்டறையில் பல வருஷம் வெல்டிங் செய்த என் அப்பாவுக்கு மறுநாள் காலையில் சான்றிதழ்த் தேர்வு. அதில் தேறினால்தான் கப்பல் பட்டறையில் வேலை கிடைக்கும். அவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது பிடித்த மழையில், தேர்வுக்கு வாங்கிய கம்பிகள் நனைந்துவிட்டன. அம்மாவோ விற்பனைக்குப் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தார்.

“ஓவன் கொஞ்சம் வேணும்லா,” என்றார் அப்பா.

“பிஸ்கட் வேகுற எடத்துல இரும்பா? நல்லாருக்கு உங்க நியாயம்.”

“கம்பி மேல பூசியிருக்கிற மருந்து ஈரமா இருந்தா, ஒட்டின எடம் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஓட்டை ஓட்டையா விழும். நாளைக்கு நான் ஒட்டுற தகட்ட வளைச்சுப் பார்ப்பாங்க. பிளந்துரும்.”

அம்மா பாதி வெந்த பிஸ்கட் தட்டை வெளியே இழுத்தார். கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இன்னொரு தட்டில் அடுக்கி உள்ளே வைத்து, காயும்வரை சூட்டைத் தானே பார்த்துக்கொண்டார். வெளியே எடுத்த பிஸ்கட் எல்லாம் வீணாய்ப் போனது.

மறுநாள் மதியம் அப்பா வளைத்த தகட்டோடு வீட்டுக்கு வந்தார். தேறிவிட்டாரா என்று அம்மா கேட்கவில்லை. தகட்டை வாங்கி, ஒட்டின இடத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஒரு வெடிப்புகூட இல்லை.

“உள்ளயும் நல்லா வெந்திருக்கு,” என்றார்.