எண்ணூர் வழியாக வந்த செய்தி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டியிருந்தது. அம்மாவுக்கு அது துணி காயப்போடுகிற கொடி, சித்தப்பாவுக்கு ஏரியல். அதற்காக ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்த சித்தப்பா, ஹாம் ரேடியோ சங்கம் ஒன்றில் உறுப்பினர். பழைய மிலிட்டரி சாமான் கடையில் வாங்கிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கிற ஆட்களிடம் அங்கே மழையா என்று இங்கிலீஷில் கேட்பார். தெரிந்து என்ன செய்யப் போகிறார் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சங்கத்தில் ரிலே என்று ஒரு வேலை உண்டு. தூரத்து ஆள் பேசுவது நமக்குக் கேட்காவிட்டால், நடுவில் இருப்பவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். யார்டும் துறைமுகத்துக் கிரேன்களும் சேர்ந்து எங்கள் பெட்டியில் போடுகிற இரைச்சலில் வடக்கேயிருந்து வருவது எதுவும் காதில் விழாது. எண்ணூர்க்காரர் ஒருவர் வாங்கிச் சொன்னால்தான் உண்டு. அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியன்.

"ரிலேன்னா கேட்டத அப்டியே சொல்லணும். ஒரு வார்த்த கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது" என்பார் சித்தப்பா. என்னையும் பழக்கினார். அவர் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்ல, அர்த்தம் தெரியாமலே நான் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தால் ஒரு கடலை மிட்டாய்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா துறைமுகத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் லாரி ஓட்டிப் போனார். கூடப் போன க்ளீனர் எதிர்வீட்டு அத்தையின் ஒரே மகன். நான் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கரையில் புயல் அடித்தது. டெலிபோன் செத்துப்போனது, தந்தியும் போகவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், உலை வைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பாள். அத்தை மாதா கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

சங்கத்து ஆட்கள் சிலர் ரேடியோவோடு புயல் அடித்த இடத்துக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா லாரி நம்பரை எண்ணூர் வழியாக அவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அம்மா இப்போது கொடியில் துணி போடுவதையே விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எண்ணூர்க்காரரின் குரல் வந்தது. அம்மாவும் அத்தையும் நானும் பெட்டியைச் சுற்றி நின்றோம். இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிவாகவே இருந்தது.

"லாரி ஃபவுண்டு. ஒன் மேன் அலைவ். ஒன் நாட் ட்ரேஸ்டு. ஓவர்."

பெண்கள் இருவருக்கும் அதில் புரிந்தவை முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும்தான். ரேடியோவில் ஓவர் என்றால், நான் பேசியாயிற்று, இனி நீ பேசு என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒருவன் ஓவர் என்றால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ அண்ணி, ஓவர்னா அது இல்ல" என்று பதறினார் சித்தப்பா. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. வந்துனே கீறாங்க."

அத்தை அழுகையோடே சிரித்தாள். அன்று சாயங்காலம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் தெரு முழுக்க பூந்தி கொடுத்தாள். எனக்கு இரண்டு கை நிறைய. சித்தப்பா மட்டும் வேண்டாம் என்றார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்களுக்குக் கேட்காதபடி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கையில் கட்டோடு தனியாகத் திரும்பி வந்தார். அண்ணன் கடைசிவரை கிடைக்கவில்லை.

"ரெண்டு பேரும்னு சொன்னியே நைனா" என்று அத்தை கேட்டபோது, சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "எண்ணூர்ல தப்பா கேட்டுட்டாங்கபோல கீது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்க்காரர் துக்கம் கேட்க வந்தார். அதுவரை குரலாக மட்டுமே தெரிந்தவர், நேரில் ஒல்லியாக, சட்டையெல்லாம் மழையில் நனைந்து வந்து நின்றார். அத்தை அவரை உட்காரக்கூட விடவில்லை.

"இன்னா ரேடியோபா உன்து? என் புள்ள உசுரோட கீறான்னு பூந்தி குடுத்தேனே. ஒழுங்கா கேட்டு சொல்ல மாட்டியா?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணூர்க்காரர், "என் தப்புதாம்மா. எரைச்சல்ல காதுல சரியா வுயல" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் முன்னால் போய் நின்று, பழக்கிய மாதிரியே, அவர் குரலிலேயே ஒப்பித்தேன்: "லாரி ஃபவுண்டு. ஒன் மேன் அலைவ். ஒன் நாட் ட்ரேஸ்டு. ஓவர்."

சித்தப்பா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். இங்கிலீஷ் தெரியாத அத்தை, குழந்தை ஏதோ விளையாடுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணூர்க்காரர் மட்டும் குனிந்து என் தலையில் கை வைத்தார்.

"பாப்பா நல்லா ரிலே பண்ணுது" என்றார் மெதுவாக.

ஒருவர் உயிரோடு, ஒருவரைக் காணோம். அதைத்தான் அந்த அத்தையின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியும் சித்தப்பா ஏன் கடலை மிட்டாய் தரவில்லை என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.