பாதியில் நின்ற சிவப்புக் கோடு

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுதப் பழகி ஒரு வருடம்தான் ஆகிறது. பிலோமினா டீச்சரை அறிந்த உங்களுக்கு நானே எழுதுகிறேன் என்பதில், இந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள்: "டீச்சர் போயிட்டாங்க." உடனே வண்டியிலிருந்த தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். அவர்களை ஏற்றிப்போகிறவன் என்பதால், சரிபார்க்க வெள்ளிக்கிழமை என்னிடம் கொடுத்திருந்தார்.

முதல் தடவை கொடுத்தபோது எனக்குப் படிக்கத் தெரியாது. பார்ப்பதுபோல் நடித்தேன்.

"அண்ணே, தலைகீழா புடிச்சிருக்கீங்க. கடல் எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன். தாளை அதற்கேற்பத் திருப்பி வைத்தார்.

"ஆத்தைத் தாண்டுனா எந்த ஊரு?"

"அரியாங்குப்பம்."

"இங்க எழுதியிருக்கிறதும் அதான். படிச்சிட்டீங்க."

அன்று தொடங்கியது என் படிப்பு.

இப்போது அந்தத் தாள்களில் யாழினியின் படம் என்னைப் பயமுறுத்தியது. கீழே பள்ளி, நடுவில் ஆற்றுப் பாலம், மேலே அரியாங்குப்பத்தில் அவள் வீடு. போகும்போது கடல் இடது கைப்பக்கம் வர வேண்டும். அவள் வலது பக்கம் வரைந்திருந்தாள். எப்படித் திருப்பினாலும் சரியாகவில்லை. கேட்க டீச்சர் இல்லை. அவர் கொடுத்திருந்த சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன். "அவங்க வழியில போய்ப் பாக்காம தப்புன்னு போடாதீங்க" என்று அவர் சொல்வது நினைவு வந்து, பாதியில் நிறுத்தினேன்.

அடுத்த முறை பள்ளி விட்டு அவளை வீட்டுக்கு ஏற்றிப்போனபோது பாலத்தருகே வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"கடல் எந்தக் கைப்பக்கம்மா?"

"இந்தக் கை, தாத்தா." வலது கையைத் தூக்கினாள்.

என் சீட்டுக்குப் பின்னால், நானே அடித்த பலகையில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக அப்படித்தான் வீட்டுக்குப் போகிறாள்.

"முன்னாடி பாக்குற எடத்தை நீங்கதான் எனக்குக் குடுக்கவே இல்லியே" என்றாள். பிறகு என் கையிலிருந்த படத்தைப் பார்த்து, "இந்தக் கோடு நான் தப்பு செஞ்சதுக்கா?"

"இல்லம்மா. அது என் தப்பு."

ரப்பரால் தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பென்சிலும், அதை எடுக்கும் முன் வரும் பயமும்தான்.

யாழினியை இந்த வாரம் முன்பக்கம் பார்த்து உட்காரவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி வரையச் சொல்லியிருக்கிறேன். கடலை எந்தப் பக்கம் வைத்தாள் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். சரிபார்க்க இன்னும் பதினோரு படங்கள் இருக்கின்றன.