டிரம்மருக்காக வாதாடிய டீச்சர்

தல்லாகுளம் கேசட் கடையில் கூடும் நண்பர்கள் நாங்கள், புகழ்பெற்ற ஓர் இங்கிலீஷ் ராக் குழுவின் வரலாற்றுப் புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்திருந்தோம். அந்தக் குழுவின் டிரம்மர் வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் ஆமோதித்தோம். கேசட் வாங்க வந்திருந்த மிஷன் பள்ளி டீச்சர் மட்டும் மறுத்தார். கஞ்சி போட்ட சேலை. பேசும்போதெல்லாம் கைப்பையில் தாளம் போடும் விரல்கள்.

"பொம்பளைகளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?" என்றான் என் நண்பன்.

"அந்தக் குழுவோட பாட்டு ஒண்ணு பாடுங்க தம்பி, நான் தட்டுறேன்" என்றார் டீச்சர்.

பாடினோம். முதலில் மேஜையில் சாதாரணமாகத் தட்டினார். பாட்டு சவசவவென்று நகர்ந்தது. பிறகு அந்த டிரம்மரைப் போலவே தட்டினார். எங்கள் கால்கள் தானாக ஆடின. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"இம்புட்டும் அதிர்ஷ்டமா?" என்றார்.

கேலி செய்தவன்தான் முதலில் கைதட்டினான். "டீச்சர், இன்னொருக்க!"

அன்று முதல் எந்த ராக் பாட்டிலும் என் காது பாடகரை விட்டுவிட்டு டிரம்ஸைத்தான் தேடுகிறது.