சேற்றுக்குழி ஓரத்துப் பயறு

தட்டைப்பயறு நாற்றோடு ஒரு மண்சட்டி என் காலடியில் சிதறியதுதான் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. அடுத்த சட்டி, அதற்கடுத்தது என்று கடப்பாரை இறங்கிக்கொண்டே வந்தது. வரிசையின் கடைசியில் எங்கள் மேடம் நின்றிருந்தார்.

மதுரையில் ஒரு கல்லூரியில் அவர் தாவரவியல் பேராசிரியை. நான் அவரிடம் ஆய்வு மாணவன். தொண்ணூறுகளின் கடைசி. நகரத்துக்குக் கிழக்கே மானாவாரி நிலங்களுக்கு நடுவே, எண்ணெய் கிடைக்குமா என்று பார்க்க ஒரு நிறுவனம் ஆழ்துளை போட்டது. பூமிக்குள்ளிருந்து வந்த சேறும், துளைக்குள் ஊற்றிய ரசாயனமும் ஒரு பெரிய குழியில் கிடந்தன. ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழிந்தது. பக்கத்துக் காடுகளில் சோளம் நின்ற இடத்திலேயே கருகியது. கழிவு அள்ளும் குத்தகைக்காரர், "வெறும் களிமண்ணுதான், ஒண்ணும் செய்யாது" என்றார். ஊர்க்காரர்கள் விஷம் என்றார்கள். மேடம் இரண்டு தரப்பையும் நம்பவில்லை. "செடிகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

குழிக்குப் பக்கத்திலேயே கீற்றுப் பந்தல் போட்டுச் சட்டிகளை வைத்தோம். ஒரு வரிசையில் நல்ல மண், அடுத்ததில் கொஞ்சம் சேறு கலந்த மண், கடைசியில் பாதிக்குப் பாதி. எல்லாவற்றுக்கும் ஒரே பயறு, ஒரே தண்ணீர். நல்ல மண்ணில் நாற்று செழிப்பாக வந்தது. பாதிக்குப் பாதியில் விதை முளைக்காமலே அழுகிப்போனது. என்னைப் பயமுறுத்தியது நடு வரிசைதான். மேலே பச்சையாகத்தான் இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன.

சேதி குத்தகைக்காரர் காதுக்குப் போனது. மறுநாள் மத்தியானமே டிராக்டரில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தடுக்கப் போன எனக்கு வாயில் விழுந்த குத்தில் முன்பல் போனது. டிராக்டர் ஓட்டி வந்தவன்தான் கடப்பாரையை வைத்திருந்தான். சட்டிகளை முடித்துவிட்டு மேடத்தின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். "செடி வளக்கணும்னா ஒன் வீட்டுல வள" என்றான்.

சத்தம் கேட்டு ஊரே கம்போடு ஓடிவந்தது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். டிராக்டர் சேற்றில் புதைந்துகொண்டதால் அவன் மட்டும் மாட்டிக்கொண்டான். கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். முழங்காலில் கல்லைத் தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் அலறல் நின்றுவிட்டது, அடி நிற்கவில்லை. அப்போதுதான் மேடம் கூட்டத்தைப் பிளந்து போய் அவன்மேல் விழுந்தார். அவனுக்கு ஓங்கிய உலக்கை அவர் வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"தள்ளுங்கம்மா! எங்க சோத்துல மண்ணப் போட்டவன்!" என்று கத்தினார் உலக்கைக்காரர். சோளம் கருகிப்போன சம்சாரி அவர்.

"இவன் செத்தான்னா அம்புட்டுப் பேரும் ஜெயிலுக்குப் போவீங்க. அப்புறம் இந்தச் சேத்தப் பத்தி எவன் பேசுவான்?"

அவர் உலக்கையைக் கீழே போட்டார்.

பெரியாஸ்பத்திரியில் கண் விழித்த அவன் மேடத்தைக் கூப்பிட்டனுப்பினான். "குழியில கொட்டுனது கொஞ்சந்தான் மேடம். மிச்சத்தக் கண்மாயில கொட்டிட்டோம்" என்றான். ஊர் மாடுகளெல்லாம் தண்ணீர் குடிக்கும் கண்மாய். கையில் மாவுக்கட்டோடு மேடம் கரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கண்மாய்ச் சேற்றைக் கலந்து மறுபடியும் சட்டிகளை நிரப்பினேன். இந்தத் தடவை அதிகாரிகளை வரவழைத்து, நாற்றை அவர்கள் கையாலேயே பிடுங்க வைத்தார். அதன்பிறகு லாரி லாரியாகச் சேற்றை அள்ளினார்கள். கருகிய சோளத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

மேடம் ஓய்வு பெற்றுத் திருநகரில் இருக்கிறார். வலது கை இன்னும் நேராக நீளாது. அவரைப் பெரிய மனசுக்காரி என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அவரிடமே சொன்னேன்.

"போடா" என்றார். "அன்னைக்கு என் கையிலயும் கல்லு இருந்துச்சு. அவன அடிக்கத்தான் ஓடுனேன். கிட்டப் போய்ப் பாத்தா, நான் அடிக்கிறதுக்கு அவன் ஒடம்புல எடமே மிச்சமில்ல."