அப்பாவின் கழுத்தருகே ஒரு மைக்

அந்தக் கார்த்திகையில் வீட்டில் இருந்தது மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். இல்லாதது இரண்டு பேர். அண்ணன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுதத் தெரியாது. யாரையாவது பிடித்து எழுதச் சொன்னால்தான் கடிதம் வரும். அக்கா ஆத்தூரில், நிறைமாதம். அப்பாவின் கழுத்திலிருந்த குழாயைக் கவனிக்க அம்மாவும் நானும்தான் மிஞ்சியிருந்தோம்.

தொண்டையில் கட்டி என்று சேலத்தில் அறுத்தெடுத்து, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போய்விட்டது. சளி காய்ந்து உள்குழாயை அடைத்தால் உடனே அதைத் திருப்பி உருவி, கழுவிப் போட வேண்டும். அப்பாவின் கைநடுக்கத்தில் அவராக அதைச் செய்துகொள்ள முடியாது. “ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல பாத்துரணும். எப்பவும் ஒருத்தர் காது குடுத்துக்கிட்டே இருங்க” என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். படித்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காது கொடுப்பதுதான் எங்களால் முடியாத காரியம். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கொட்டகை, நாலு தறி. ஓர் ஆள் இரண்டு தறிதான் பார்க்க முடியும். அப்பாவின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் இரண்டு தறி நிற்கும். நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்த ஆட்டையாம்பட்டிக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, “தறி நின்னா பாவை எடுத்துட்டுப் போயி ஓடற தறிக்குக் குடுத்துருவனுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று மரியாதையாகவே சொல்லிப் போனார். கட்டிலைக் கொட்டகைக்குள் போடலாம் என்றால் அங்கே பறக்கிற பஞ்சுத் தூசி நேராகத் துளைக்குள் போகும். அம்மா ஒரு மாட்டுமணியை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை வாசல்வரை வீசினார்.

“மணி கட்டறதுக்கு நானென்ன மாடாங்கறாரு” என்று அவர் உதட்டைப் பார்த்து அம்மா சொன்னாள்.

மாடாக இருந்திருந்தாலும் பயனில்லை. நாலு தறியும் ஓடும்போது கொட்டகைக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. ஒருநாள் அம்மா தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனவள், அப்பாவின் உதடு நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்துக் கத்தினாள். அந்தத் தடவை பிழைத்தது அம்மாவின் தாகத்தால். அன்றிலிருந்து இரண்டு தறி நின்றன.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஊரில் டார்ச் லைட் எரியாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் மூன்று வருடம் படித்தது எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான், நோம்பி, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட்டுக்காரரிடம் கம்பியில்லாத மைக் ஒன்று செத்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் பேசினால் எஃப்.எம். ரேடியோவில் கேட்கும். அண்ணன் பம்பாயில் வாங்கிவந்த டூ-இன்-ஒன் ரேடியோவில் எஃப்.எம். இருந்தது. எங்கள் பக்கம் அதில் ஒரு நிலையமும் எடுக்காது. திருப்பினால் ‘உஸ்’ என்று இரைச்சல்தான். மைக்கை அப்பாவின் கழுத்தருகே வைத்து, ரேடியோவைக் கொட்டகையில் வைத்து, காதுக்குள் இயர்போன் குமிழை மாட்டிக்கொண்டால் அவர் மூச்சு என் காதில் இருக்கும்.

“ஆயுத பூசை வரைக்கும் நல்லாத்தானுங்க தம்பி பேசிக்கிட்டிருந்துச்சு” என்றார் ரேடியோ செட்டுக்காரர். “பூசை முடிஞ்சு எடுத்துப் பேசறேன், ஊமையாயிருச்சு. லாரிக்காரர் ஒருத்தர் குடுத்த பழைய சாமான். எனக்கெதுக்கு, எடுத்துட்டுப் போங்க.”

“வெலை என்னங்ணா?”

“அட போங்க தம்பி. பேச வெச்சீங்கன்னா மாரியம்மன் நோம்பிக்கு ஒருநாள் குடுங்க, போதும்.”

அவர் சொன்னதில்தான் பழுது முழுதும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அம்மா இரண்டு தறியில் நிற்க, நான் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து மைக்கைப் பிரித்தேன். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பலகை, இரண்டு டிரான்சிஸ்டர், மெழுகில் புதைந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள். முதலில் டிரான்சிஸ்டர்மேல் சந்தேகம். சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் அஸ்தம்பட்டியில் இருந்த வகுப்புத் தோழனிடம் மீட்டரும் சால்டரிங் அயர்னும் இரவல் வாங்கி, கடையில் இரண்டு டிரான்சிஸ்டரும் வாங்கி வந்தேன். நான் போய்வந்த அந்த ஒரு பொழுதும் நாலு தறியும் நின்றன. மாற்றிப் போட்டேன். ஊமை ஊமைதான். சுருளுக்குள் கம்பி அறுந்திருக்குமோ என்று மெழுகைச் சுரண்டி எடுத்தேன். கம்பி அறுந்திருக்கவில்லை. மெழுகு எதற்காக அங்கே இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. அழுக்கு போல அதை ஊதித் தள்ளினேன்.

மூன்றாம் நாளும் அந்தப் பலகையோடுதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழாயில் ‘களக்’ என்று சத்தம் கேட்டால் அயர்னைப் போட்டுவிட்டு எழுந்து உள்குழாயை உருவுவேன். கழுவிப் போட்டுவிட்டு மறுபடி உட்காருவேன். ஈயம் என் பேச்சைக் கேட்கவில்லை. இது ஆகாவிட்டால் வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அப்பா முன்னால் அழக்கூடாது என்று இரண்டு முறை எழுந்து வெளியே போனேன்.

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அம்மா, தரையில் கிடந்த மைக்கின் தலைப்பகுதியை எடுத்து முகர்ந்தாள்.

“ஏஞ்சாமி, இதுல ஏது சந்தன வாசம்?”

வாங்கிப் பார்த்தேன். பேசுகிற வாயின் வலைக்கு உள்ளே, கெட்டியாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூசையன்று ரேடியோ செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் வைத்ததுபோல மைக்குக்கும் பொட்டு வைத்திருக்கிறார், வாயிலேயே வைத்துவிட்டார். எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு தறிக்கும் வைப்பதுதான். இரும்பு தாங்கும். இது தாங்கவில்லை.

“சாமிக்கு வெச்ச சந்தனம்டா, காலடியில கொட்டாத” என்றாள் அம்மா. நான் ஊசியால் நெம்பிய பொடியை முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

பேட்டரி போட்டேன். ரேடியோவைத் திருப்பிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் இரைச்சல் அடங்கி, உள்ளே ஒரு காற்று வந்தது, போனது. அப்பாவின் மூச்சு. அப்பா நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்றார். ரேடியோவும் ‘டொக்’ என்றது. மாட்டை ஓட்டுகிறபோது போடுகிற சத்தம். திரும்பத் திரும்பத் தட்டினார். அம்மா, “போதும் போதும், ஏர்ல பூட்டியிருக்காப்பல” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் நாலு தறியும் ஓடின. மைக்கை அப்பாவின் தலையணையோடு துணியால் கட்டியிருந்தேன். ரேடியோ கொட்டகை ஜன்னலில். குமிழ் என் காதில். வெளியே தறிச் சத்தம், உள்ளே அப்பாவின் மூச்சு. நூல் அறுந்தால் முடிந்தேன், நாடாவில் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றினேன், காது மட்டும் கட்டிலோரம் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா தறியில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பத்து மணி சுமாருக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ரேடியோ பேட்டரியில் ஓடியதால் காதில் சத்தம் தொடர்ந்தது. ‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராக. இடைவெளி இல்லாமல்.

மூச்சுக்கு இடைவெளி உண்டு.

குமிழைப் பிடுங்கினேன். வீட்டுக்குள்ளிருந்து தகரத்தில் தட்டுகிற சத்தம், மெதுவாக, விட்டுவிட்டு. ஓடினேன். அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, எச்சில் டப்பாவைத் தரையில் இடித்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. உள்குழாயைத் திருப்பினேன், வழுக்கியது. வேட்டியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பி உருவினேன். காய்ந்த சளி கட்டையாக வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பின்னால் நின்று அவர் முதுகில் ஓங்கி அடித்தாள். அப்புறம் அந்தத் துளை காற்றை இழுத்தது. அவ்வளவு பெரிய சத்தத்தில் மூச்சு விடுவதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தறி ஓடினால் வீட்டுத் தரையே அதிரும். நான் சுரண்டிய மெழுகுதான் அந்தச் சுருளை அசையாமல் பிடித்துவைத்திருந்தது. அது இல்லாததால் சுருள் அதிர்ந்து அதிர்ந்து விலகி, மைக் வேறு அலைவரிசையில் பேசப் போய்விட்டது. என் காதுக்கு வந்தது வெறும் இரைச்சல். தறியின் அடி அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தது. நான் அதை அப்பாவின் மூச்சென்று நம்பினேன். எத்தனை நேரம் நம்பினேன் என்று எனக்குத் தெரியாது. கரண்ட் இன்னும் கொஞ்சம் கழித்துப் போயிருந்தால் என்பதை இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினால் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா என் கையிலிருந்த மைக்கைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நா ஒண்ணு கேக்கறேன், படிக்காதவ கேக்கறான்னு சிரிக்காத சாமி” என்றாள் அம்மா. “ஆஸ்பத்திரில உங்கப்பன உள்ள கூட்டிட்டுப் போனப்ப கதவுக்கு மேல செவப்பு லைட்டு எரிஞ்சுதில்ல? அது அணையற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதாட்ட ஒண்ண தறிக்கு மேல தொங்கவுட்டு, சுச்ச அவரு கையில குடுத்தா ஆகாதா?”

“கரண்ட் போயிட்டா?” என்றேன். என் படிப்பு கடைசியாக ஒருமுறை வாதாடியது.

“கரண்டு போனா தறியும் நின்னுருமே. அப்பறம் டப்பாவத் தட்டுனாக் கேக்குதில்ல, இப்பக் கேட்டாப்பல.”

கடைக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் கட்டி முடித்தோம். அப்பா சுவிட்சை முதலில் சும்மா அமுக்கிப் பார்த்தார். மோருக்கு ஒருமுறை அமுக்கினார். போர்வை விலகியதற்கு ஒருமுறை. அம்மா ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திவிட்டு ஓடினாள், ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அப்பா பதினான்கு மாதம் இருந்தார். அந்தப் பதினான்கு மாதமும் நாலு தறியும் ஓடின. இருபது கஜம் ஒயர், ஒரு பெல் சுவிட்ச், ஒரு ஹோல்டர், ஒரு சிவப்பு பல்ப்: எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.