பீலித்துணை பார்க்கப் பசறைக்குப் போனேன்

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் சொன்னதை இன்னொரு மொழியில் சொல்வதே தொழிலாக இருந்ததால், சொந்தமாக ஒன்றைச் சொல்ல வரும்போது கை தயங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தூரம், நேரம், கட்டணம் மூன்றும் மட்டும் சரியாக இருக்கும். அவற்றை அந்தந்த இடத்திலேயே குறித்துக்கொண்டேன்.

கண்டியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் இரண்டு பிள்ளைகள் வாயைத் திறப்பதே இல்லை. காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை என் தங்கை மருமகனுக்கு எழுதினேன். அவர் பசறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். "இங்கும் அப்படிப் பிள்ளைகள் உண்டு மாமா. அவர்களை நாலைந்து வயது மூத்த பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். பலன் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. வந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. மாசி மாதத்தில் மழை குறைவு என்று அந்த மாதத்தைத் தேர்ந்தேன். கிளம்புமுன் இரண்டு முறை மனம் மாறியது என்பதையும் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கண்டியில் புகையிரதம். பேராதனையில் மாற வேண்டும். பண்டாரவளைக்கு மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேர்ந்தேன். தண்டவாளம் அதோடு முடிகிறது. ஒரு புடவைக்கடை மாடியில் தங்க முப்பது சதம். கம்பளி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏழுக்குத் தபால் கோச். பதுளைக்குப் பத்தொன்பது மைல், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், கட்டணம் இரண்டரை ரூபாய். இறக்கம் அதிகம். வலது பக்கம் உட்காராதீர்கள். அந்தப் பக்கம்தான் பள்ளம். நான் கண்ணை மூடிக்கொண்டே ஆறு மைல் வந்தேன்.

பதுளைக் கடைவீதியில் காசிம் நானா என்பவர் தோட்டங்களுக்குக் கருவாடும் துணியும் ஏற்றிப் போகிறார். அவருடைய ஒற்றை மாட்டு வண்டியில் ஒரு ரூபாய்க்கு இடம் கிடைத்தது.

"தொரைட சீட்டு இருக்கா ஐயா? சீட்டு இல்லாம தோட்டத்துக்குள்ள காலு வெச்சா காவல்காரன் திருப்பிப்போடுவான்" என்றார் ஏறும் முன்பே.

இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு மூன்று வாரம் முன்பே எழுதி வாங்கியிருந்தேன். அதை எடுத்துக் காட்டினேன். மடித்து வைத்துவிட்டு, சரியாக வைத்தேனா என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"பயப்பட வேணாம். இந்த மாடும் உங்கள மாதிரித்தான். ஒவ்வொரு காலையும் யோசிச்சு யோசிச்சுத்தான் வைக்கும். இதுவரை விழுந்ததில்ல."

பிற்பகல் இரண்டுக்குக் கிளம்பினோம். பத்து மைல் ஏற்றம், நாலரை மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் நமுனுகுல மலை ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வந்து நின்றது. நானா இறக்கிவிட்ட இடத்தில் வாத்தியார் லாந்தரோடு காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை பதினொரு பேர் வந்தார்கள், ஏழு பெண்கள், நாலு பையன்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பிள்ளை. தாயை இழந்தது, காய்ச்சலில் தம்பியைப் பறிகொடுத்தது, இந்தியக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் சாப்பிடாதது என்று பலவகை. வேலை ஒன்றுதான்: தினமும் விடியலில் பீலிக்கு அந்தப் பிள்ளையோடு தண்ணீருக்குப் போய் வருவது. மலை ஊற்றை பிளந்த மூங்கிலில் இறக்கி, கீழே குடம் வைக்க விட்டிருக்கும் இடத்தைப் பீலி என்கிறார்கள். அதனால் இந்த மூத்த பிள்ளைகளுக்குப் பீலித்துணை என்று பெயர். பெயர் வைத்தது வாத்தியார் இல்லை, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்களாம். வாத்தியார் சேர்த்தது ஒரே விதி. துணை தன் கதையைச் சொல்லலாம், பாடலாம், சும்மாவும் இருக்கலாம். சின்னதிடம் கேள்வி மட்டும் கேட்கக் கூடாது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"வந்த நாளிலிருந்து எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டேதானே இருக்கிறார்கள், மாமா" என்றார்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் பார்த்ததைச் சொன்னார்கள். சாப்பிட்டானா, தூங்கினாளா, சிரித்தானா, அவ்வளவுதான். கடைசியாக அஞ்சலை என்ற பதினைந்து வயதுப் பெண் எழுந்தாள். கொழுந்து பறிப்பவள். நாலு வருடம் முன்பு அவளும் பேசாமல் கிடந்த பிள்ளையாம்.

"கருப்பாயி சாப்புடுது, தூங்குது. பேசல. அஞ்சு மாசமாச்சு வாத்தியாரே. வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புற ஆளுங்களோட அனுப்பிருவாங்களாம். அங்க அதுக்கு யாரு இருக்கா?"

கருப்பாயிக்கு ஒன்பது வயதிருக்கலாம். தாயோடு வந்தாள். மூன்றாம் வாரம் தாய் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவர்களோடு வந்தவர்களை மலைக்கு அப்பால் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதால், இங்கே அவளைத் தெரிந்தவர் எவருமில்லை.

திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு அஞ்சலை, கருப்பாயி இருவரோடும் பீலிக்குப் போனேன். வழி வழுக்கியது. இரண்டு இடத்தில் புல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயாவுக்கும் ஒரு துணை போடணும் போலிருக்கே" என்று அஞ்சலை சிரித்தாள். "ஆனா ஐயா கேள்வி கேப்பாரு. எவளும் வரமாட்டா."

சின்னவள் சிரிக்கவில்லை. குடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். பின்னால் ஒரு தகரக் குவளை விழுந்தபோது சட்டென்று திரும்பினாள். அஞ்சலை "கருப்பாயி, வா" என்றபோது திரும்பவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று அப்போது தெரியாது.

அங்கிருந்து பெரட்டுக்குப் போனோம். வேலைக்கு முன் எல்லாரையும் நிறுத்தி ஆள் கணக்கு எடுப்பதுதான் பெரட்டு. சின்ன ஆட்களின் வரிசை தனி. கொழுந்துக்காரர்கள் வேறு இடத்தில் நிற்பதால் அஞ்சலை அந்தப் பக்கம் போய்விட்டாள். கணக்கப்பிள்ளை, செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டை விரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "கருப்பாயி!" பதில் இல்லை. இன்னொரு முறை. அந்தப் பிள்ளை கணக்கப்பிள்ளையைப் பார்க்கவில்லை. லயத்திலிருந்து வரும் பாதையைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ வரப் பிந்திவிட்டது போல.

கணக்கப்பிள்ளை என்னிடம் அலுத்துக்கொண்டார். "நீங்களே பாருங்க ஐயா. இந்தப் புள்ளைக்குப் பேர் இல்லைங்க. மத்தது எல்லாத்துக்கும் பேர் இருக்கு, இதுக்கு மட்டும் பேரே இல்ல."

"பேர் இல்லையா? இப்போதுதானே கருப்பாயி என்று கூப்பிட்டீர்கள்?"

வரிசையே சிரித்தது. "ஐயாவுக்குப் பேருன்னா பேருன்னு நெனப்பு!" என்று ஒருத்தி சொல்ல, பின்னாலிருந்து இன்னொருத்தி, "விடுடி, கண்டிக்காரரு" என்றாள்.

வாத்தியார் விளக்கினார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. முழு வேலைக்கு முழுப்பேர், பாதிக்கு அரைப்பேர். கூப்பிட்டுக் குரல் கொடுக்காவிட்டால், அன்று புல் பிடுங்கினாலும் பேர் விழாது. பேர் விழாத பிள்ளையை யார் வைத்துச் சோறு போடுவது? வியாழக்கிழமை விஷயம் அதுதான்.

வெட்கத்தோடு திரும்பினேன். என் பழக்கப்படி நோட்டில் இரண்டு பத்தி கோடிட்டு, 'பேர்: பதிவு', 'பேர்: பெயர்' என்று பிரித்தேன். முதல் பத்தி எளிதாக நிரம்பியது. இரண்டாவதில் 'கருப்பாயி' என்று எழுத எடுத்த பேனா நின்றது. குவளைச் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளை தன் பெயருக்கு ஏன் திரும்பவில்லை? அந்தப் பாதையில் யார் வர வேண்டும்?

மதியம் வாத்தியார் மூலம் கேட்டுச் செக்ரோலைப் பார்த்தேன். கருப்பாயி வரியில் 'பெரிய ஆள்' என்பது அடிக்கப்பட்டு, வேறு மையில் 'சின்ன ஆள்' என்று இருந்தது. என் கண்ணை நம்பாமல் ஜன்னலருகே கொண்டு போய் மறுபடி பார்த்தேன். பிறகும் கேட்கத் தைரியம் வராமல், வாத்தியாரைக் கேட்கச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆத்தா செத்தப்போ அந்த வரியிலேயே மகள ஏத்தினேங்க. வரி காலியா கெடக்கக் கூடாதுன்னு எல்லாரும் அப்படித்தான் செய்வோம். பேர அப்புறம் கேட்டு மாத்திக்கலாம்னு இருந்தேன். அது வாயத் தெறந்தாத்தானே?"

அன்று மாலை அஞ்சலையிடம் சொன்னோம். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அஞ்சு மாசமா தெனம் செத்துப்போன அம்மாவக் கூப்புட்டிருக்கேன்" என்றாள். "அது வருதான்னு இந்தப் புள்ள தெனம் பாத்திருக்கு."

"நாளைக்கு அவள் பெயரைக் கேட்டுவிடு" என்றேன். ஒரு நாள்கூட வீணாக்க நேரமில்லை என்பது என் கணக்கு.

"கேக்கமாட்டேன் ஐயா. தப்பு பண்ணது நானு. நானே சொல்லணும்."

செவ்வாய்க்கிழமை விடியலில் நான் பீலிக்கு இருபது முழம் தள்ளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலை பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் சொன்னது இவ்வளவு: "கருப்பாயிங்கிறது உங்கம்மா பேரு. எனக்குத் தெரியாது. இனிமே உன்ன அப்படிக் கூப்புடமாட்டேன். அம்மா பேரு அம்மாவுக்கே இருக்கட்டும்." குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. சின்னவள் குனிந்து ஒரு சொல் சொன்னதைத் தூரத்திலிருந்தும் அறிந்தேன். அஞ்சலையின் கை வாய்க்குப் போனது.

செக்ரோலில் பெயர் மாற்றத் துரையின் கையெழுத்து வேண்டும். இங்கிலீஷில் எழுத நான்தான் இருந்தேன். நாலு வரிக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். துரை படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, புதுப் பெயரைக் கூப்பிட்டார். பிள்ளை பாதையைப் பார்க்கவில்லை. "இருக்கேன்" என்றது, காற்று மாதிரி. "சத்தமா!" என்று ஒருத்தி அதட்ட, "காதுல விழுந்துருச்சு, போதும்" என்று கணக்கப்பிள்ளை எழுதினார். அரைப்பேர். சின்ன ஆளுக்கு அவ்வளவுதான். அன்று முழுவதும் அவள் வேறெதுவும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை, ஊருக்குத் திரும்பும் பதினான்கு பேருக்குப் பின்னால் நானாவின் வண்டியில் மலை இறங்கினேன். அவர்களை மூன்று முறை எண்ணினேன். அந்தப் பிள்ளை அதில் இல்லை.

இந்த ஏற்பாட்டை எங்கள் விடுதியில் தொடங்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். கேட்காதே என்ற விதி நல்ல விதிதான். ஆனால் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்த ஒன்றை அங்கே யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. என்னைப்போல ஒன்றும் தெரியாதவன் உளறியதால்தான் அது வெளியே வந்தது. விடுதியில் பேசாத அந்த இரண்டு பிள்ளைகளையும் எந்தப் பெயரில் கூப்பிடுகிறோம், அதை வைத்தது யார் என்று ஊர் திரும்பியதும் முதலில் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்றுக்குப் பெயர் நாங்கள் வைத்ததே.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதிச் சீட்டுக்கு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கூட்டம் கிடைக்கும். கம்பளியும் வழுக்காத செருப்பும் வேண்டும். போக வர எனக்குப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்தது. மிட்டாய் கொண்டுபோவதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோங்கள்.

அந்தச் சிறுமியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கேட்கவும் வேண்டாம். விடியலில் பீலிக்குப் போய், அவள் குடத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மனம் வந்தால் அவளே சொல்வாள். கடிதத்தில் அதை எழுதிய எனக்கும் அவள் தன் வாயால் சொன்னது அப்படித்தான், கிளம்பும் நாள் காலையில்.