துண்டுக்கு அடியில் ஒரு கை

"எவ்வளவு ஆகும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வனிதாவின் வலது கை தன்னால் நாற்காலி முதுகுக்குப் போய்விடும். அங்கே பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று தொங்கும். கையை அதற்கு அடியில் விட்ட பிறகுதான் அவள் வாயிலிருந்து விலை வரும். பார்க்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். ஜாக்கெட்டுக்கு எவ்வளவு, லைனிங் வைத்தால் எவ்வளவு என்று சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறேன். பிடித்தவர்கள் தைக்கட்டும், பிடிக்காதவர்கள் நடையைக் கட்டட்டும்.

துண்டு அவள் அப்பா பிச்சைமணியுடையது. வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தார். அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள்; ஒரு விரலுக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். சின்னப் பிள்ளையில் ஒருநாள் அப்பாவோடு சந்தைக்குப் போன வனிதா, துண்டு விலகிய நேரம் பார்த்து, பிடித்த விரல்களை எண்ணி, அத்தனை பேர் முன்னாலும் விலையைக் கத்திச் சொல்லிவிட்டாள். வியாபாரம் அந்த இடத்திலேயே முறிந்தது. பிச்சைமணி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அடித்திருந்தால் மறந்திருப்பேன் என்று அவளே சொல்வாள்.

அப்படிப்பட்டவள் போய் வெப்சைட் செய்து தரும் தொழிலைப் பிடித்தாள் பாருங்கள்! மேலே முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தானே விலை சொல்ல வேண்டிய பிழைப்பு. வடகரப்பதி ஊரில் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். முதலில் ஒரு தென்னை நாற்றுப் பண்ணை, அப்புறம் கோவிந்தாபுரத்து மாங்காய் மண்டி, பிறகு ஒரு கல்யாண மண்டபம். வேலை படு சுத்தம். போனில் தொட்டதும் திறக்கும், தேடுவது கண்ணுக்கு நேரே இருக்கும். விலை கேட்டால் மட்டும், "நீங்களே பாத்துக் குடுங்க" என்பாள். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

அப்பா செத்த பிறகுதான் விலை சொல்லவே ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வந்ததும் அப்போதுதான். துண்டுக்குள் கையை விட்டால் இன்னொரு கை வந்து பிடிக்கிறதாம். பிச்சைமணிக்கு வலக்கைச் சுண்டுவிரல் பாதிதான்; மாட்டுக் கயிறு சுண்டி இழுத்ததில் மீதி போய்விட்டது. அந்த மொட்டை விரல் உள்ளங்கையில் படுவது நன்றாகத் தெரிகிறதாம். எத்தனை விரலை அமுக்குகிறதோ அதுதான் அவள் சொல்லும் விலை.

"தொட்டுப் பாருங்க்கா, இன்னும் சூடா இருக்குது" என்று ஒருமுறை உள்ளங்கையை நீட்டினாள். பேய் பிசாசை நான் நம்புவதில்லை. ஆனாலும் தொடவில்லை.

அந்தக் கை சொன்ன விலை எப்போதும் குறைவு. ஆட்கள் தேடி வந்தார்கள், வேலை குவிந்தது. அவளுக்குக் கண் எரிச்சலும் மணிக்கட்டு வீக்கமும்தான் மிச்சம். இந்த வருடமும் இப்படியே போனால் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கோயமுத்தூரில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுவதாகச் சொன்னாள்.

"கூடச் சொல்லித் தொலையேன் புள்ள" என்றேன்.

"அப்பா புடிச்ச வெரலை மீறியா? மீறி, அவரு கையை உட்டுட்டாருன்னா?"



அப்புறம்தான் ராஜசேகர் வந்தார். மூணாறு பக்கத்து எஸ்டேட் குடும்பத்துக்காரர். ஜீப்பும் தங்கும் அறைகளும் வைத்து நடத்துகிறார். வெப்சைட்டோடு, வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் தருவதாக இருந்தார். சரியான விலை கிடைத்தால் வனிதா எங்கேயும் போக வேண்டாம். அவர் போன் செய்வதாகச் சொன்ன காலையில், அவள் அம்மா குருவம்மாளின் ஜாக்கெட்டைக் கொடுக்க அங்கே போயிருந்தேன்.

"உங்க ஊட்டுக்காரரு செத்தும் இவளைப் பொழைக்க உட மாட்டாரு போல" என்று குருவம்மாளிடம் சிடுசிடுத்தேன்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அவரென்ன மாட்டுக்காரரா கற்பகம்? தரகராச்சே. மாடு கை மாறோணும், அவ்வளவுதான். வெல கொறஞ்சா வித்தவனுக்குத்தான நட்டம்? எங்க செவலை மாட்டை விக்கறப்ப அவரு துண்டையே எடுக்கலை. 'என்ற சொந்த மாட்டுக்கு நானே கை குடுத்தா கொறஞ்ச வெலைக்குச் சட்டுன்னு முடிச்சுப்போடுவேன்'னு வேற தரகனை உட்டாரு."

வனிதா திரும்பிப் பார்த்தாள். போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா, மொத்தமா என்ன ஆகும்? மனசுல உள்ளதச் சொல்லிருங்க" என்றார் ராஜசேகர்.

அவள் கை துண்டுக்குள் போனது. கரண்ட் இல்லை, காற்றாடி ஓடவில்லை, வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை. துண்டு மட்டும் அசைந்தது. அவள் கைதான் அசைத்தது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா மூன்று விரல்தான் பிடித்தார் என்று பிறகு சொன்னாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதைப் போல இரண்டு மடங்கைச் சத்தமாகச் சொன்னாள். சந்தையில் கத்திய பிள்ளை இப்படித்தான் கத்தியிருக்கும்.

துண்டு நின்றுவிட்டது.

"சரிம்மா. ஆனா சொன்ன தேதிக்கு முடிச்சுத் தந்துரணும், என்ன?" என்றார் அவர்.

குருவம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. நானும் கைதட்டிவிட்டேன். வனிதா சிரிக்கவில்லை. துண்டுக்குள் கையை இங்கும் அங்கும் துழாவினாள். இன்னொரு கையையும் விட்டுத் தேடினாள். கடைசியில் துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டு உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். இந்த முறை தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"சத்தமாச் சொல்லிட்டேன்ல" என்றாள். "அன்னிக்குச் சந்தையில மாதிரியே ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாருக்கா."